கூப்பிட்டும் வராத பறவை

பழவேற்காட்டு ஏரிக்கரையில் வான்கோழி காட்டுப் பறவை அல்ல, கறிக்குப் போகும் பண்ணைப் பறவை. சென்னை நந்தனத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் ‘நந்தனம் வான்கோழி-1’ என்று ஒரு ரகத்தையே உருவாக்கியிருக்கிறார்கள். வட அமெரிக்காவில் பிறந்த இந்தப் பறவை 1612-இல் கோவா வழியாக ஜஹாங்கீரின் அரண்மனைக்கு வந்தபோது பாதுஷா அசந்துபோய்த் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஓவியர் மன்சூர் அதை வரைந்தார். நமக்கும் அதற்கும் உள்ள பழக்கம் அரண்மனையிலிருந்து கறிக்கடை வரை. அதன் காட்டு வாழ்க்கை நமக்குத் தெரியாது.

காட்டு வான்கோழியை வேட்டையாடும் அமெரிக்கர்களை வாட்டுகிற கேள்வி ஒன்று மட்டும் நமக்கு அந்நியமில்லை. பெட்டையைப் போலக் குரல் கொடுக்கிறார்கள். சேவலும் எங்கிருந்தோ பதில் சொல்கிறது. ஆனால் வருவதில்லை. சில சேவல்கள் பதிலும் சொல்வதில்லை. நல்ல குரல், நல்ல மறைவிடம், நல்ல நேரம் எல்லாம் அமைந்தும் ஏன் வரவில்லை? கவுதாரிக்கும் காடைக்கும் கண்ணி வைத்தவர்கள், நரிக்கு ஊளையிட்டவர்கள், ஏரிக்கரையில் உள்ளானுக்கும் கிளுவைக்கும் வலை கட்டியவர்கள் எல்லோரும் இங்கே இதையே கேட்டிருக்கிறார்கள்.

வேட்டைக்கு வழி சொல்ல இந்தக் கட்டுரை வரவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கவுதாரி, உள்ளான் போன்ற இந்தக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பகுதி 1976-இலும் தமிழகப் பகுதி 1980-இலும் சரணாலயமாயின. இருந்தாலும் கேள்வி வேட்டையோடு முடிந்துவிடவில்லை. இன்றைக்குப் பறவைகளை எண்ணுகிறவர்களும் தேடுகிறவர்களும் அதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

குரல் பொய்த்தால் வேட்டைக்காரர் இரண்டு காரணம் சொல்வார். ஒன்று, குரல் சரியில்லை. மற்றது, அந்தப் பறவை பழம் தின்று கொட்டை போட்டது. இரண்டுமே பெரும்பாலும் தவறு என்பது என் கணிப்பு. எந்த அழைப்பும் பறவைக்கு அந்த நேரத்தில் இருக்கிற ஒரு குறையைத் தொட்டால்தான் பலிக்கும். இணை வேண்டும், பகையை விரட்ட வேண்டும், துணை வேண்டும் என்று மூன்று வகைத் தேவைகளை வேட்டைக்காரர்கள் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றுக்கான குரலை இன்னொன்றுக்குக் கொடுத்தாலோ, குறையே இல்லாத வேளையில் கொடுத்தாலோ எத்தனை தத்ரூபமாகக் கூவினாலும் காரியம் நடக்காது.

இவற்றில் நமக்கு நெருக்கமானது பகை. அதைக் கவுதாரியில்தான் முழுதாகப் பார்க்கலாம். இந்தப் பறவையின் விலங்கியல் பெயரிலேயே புதுச்சேரி இருக்கிறது: பாண்டிசெரியானஸ். செம்மண் காட்டோரம், சவுக்குத் தோப்பு, வரப்புப் புதர், பழவேற்காட்டைச் சுற்றியுள்ள முள்வெளி எங்கும் விடியலிலும் பொழுது சாயும்போதும் அதன் குரல் உரக்கக் கேட்கும். பழக்கிய சேவலை மூங்கில் கூண்டில் வைத்துத் துணி போர்த்தி எடுத்துப் போவார்கள். இருள் பிரிவதற்குள் புதர் ஓரத்தில் கூண்டை வைத்து, சுற்றிலும் சிறு முளைகளை அடித்து, முளைக்கு முளை சுருக்குக் கண்ணி கட்டுவார்கள். முன்பு குதிரைவால் மயிர், பிறகு நைலான். துணியை எடுத்ததும் கூண்டுச் சேவலுக்கு வெளிச்சம் படும். அது கூவும். தன் எல்லைக்குள் எவனோ ஒருவன் விடியற்காலையில் வந்து சவால் விடுவதாகத்தான் புதருக்குள் இருக்கும் சேவலுக்குப் படும். பதிலுக்குக் கூவும், கிட்டே வந்து மறுபடி கூவும், கடைசியில் கழுத்தை நீட்டிக்கொண்டு தரையோடு தரையாக ஓடி வரும். கால் கண்ணியில் சிக்கும். ஆசைப்பட்டு வந்து மாட்டிய பறவை அல்ல அது. கோபப்பட்டு வந்து மாட்டியது.

வராத கவுதாரிக்கு என்ன நேர்ந்தது என்பது இதிலிருந்து விளங்கும். இனப்பெருக்கப் பருவம் போய்விட்டால் கவுதாரிகள் குடும்பமாகக் கூடித் திரியும், எல்லைத் தகராறு தணிந்திருக்கும். அப்போது கூண்டுக்காரனின் சவாலைச் சட்டை செய்ய ஆளிருக்காது. அண்டை எல்லைச் சேவலின் குரல் பழகிப்போன குரல். அதற்குப் பதறிக்கொண்டு ஓடுகிற பறவை குறைவு, அந்நியக் குரலுக்கே பரபரப்பு அதிகம். இந்த வேறுபாட்டைப் பல இனங்களில் பறவையியலாளர்கள் பதிவுக் குரலை ஒலிக்கவிட்டு நிரூபித்திருக்கிறார்கள். ஒரே கூண்டுச் சேவலை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்தால் அதுவும் அண்டை வீட்டான் ஆகிவிடும். இன்னொன்றும் உண்டு. அந்த வட்டாரத்தில் பெரிய சேவலிடம் அடிபட்டு ஒதுங்கிய சின்னச் சேவல் வாயே திறக்காது. அது புதருக்குள் இருக்கும், கேட்கும், ஆனால் குரல் கொடுத்தால் யாரிடம் உதை வாங்க வேண்டியிருக்கும் என்று அதற்குத் தெரியும். வேட்டைக்காரனைக் கண்டு அஞ்சி அது வாயடைத்திருக்கவில்லை. அவன் அங்கே இருப்பதுகூட அதற்குத் தெரியாமலிருக்கலாம்.

வான்கோழிக் கதை வேறு. அங்கே தொடப்படுவது இணைக்கான ஆசை, ஆனால் தலைகீழாகத் தொடப்படுகிறது. இயற்கையில் சேவல் நின்ற இடத்தில் நின்று கொக்கரிக்கும், விசிறியாக வாலை விரிக்கும், பெட்டைதான் அதைத் தேடிப் போகும். வேட்டைக்காரன் பெட்டைக் குரலில் கூப்பிட்டால் சேவல் ‘நான் இங்கே இருக்கிறேன், வா’ என்று பதில் சொல்லிவிட்டுக் காத்திருப்பதுதான் முறை. மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண் வருகிற வழக்கம் உள்ள ஊரில் மாப்பிள்ளையைப் புறப்பட்டு வரச் சொல்கிற கதை இது. அவன் வராவிட்டால் குற்றம் அவனுடையது அல்ல. ஏற்கெனவே பெட்டைகள் சூழ நிற்கிற சேவல் ஏன் நகரப்போகிறது? பருவத்தின் பிற்பாதியில், பெட்டைகள் முட்டையில் உட்கார்ந்த பிறகு, தனித்து விடப்பட்ட சேவல்தான் அழைப்புக்கு இறங்கி வரும்.

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சேம்பர்லின் குழுவினர் தென் கரோலினாவில் வேட்டை நடக்கிற காட்டிலும் நடக்காத காட்டிலும் தானியங்கி ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்துக் கேட்டார்கள். வேட்டை தொடங்கியதும் சேவல்களின் கொக்கரிப்பு குறைந்தது. இதற்குப் பறவை தத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. உரக்கக் கூவியவை சுடப்பட்டன, மிச்சமிருந்தவை ஆள் நடமாட்டத்தில் ஒடுங்கின. அமெரிக்காவின் கைதேர்ந்த வேட்டைக்காரர்கள் இதற்குச் சொல்கிற மருந்து வேடிக்கையானது: கூப்பிடுவதை நிறுத்து. சேவல் பகலில் எந்த வழியாகப் போகிறது, எங்கே மேய்கிறது என்று பார்த்து அங்கே போய் உட்கார். வாயால் கூப்பிடும் கலையில் கரைகண்டவர்கள் கடைசியில் வாயை மூடச் சொல்கிறார்கள்.

நம் மரபில் இந்தப் பாடம் பழையது. புறநானூற்றின் 320-ஆம் பாட்டில், வீரை வெளியனார் காட்டும் வேட்டுவன் வீட்டு முற்றத்தில் பார்வை மான் ஒன்று நிற்கிறது. காட்டு மானை ஈர்க்க வளர்க்கும் பெண்மான் அது. வேட்டுவன் அசந்து தூங்குகிறான். எங்கிருந்தோ ஒரு கலைமான் வந்து அந்தப் பிணையோடு கூடி விளையாடுகிறது. கணவன் விழித்துவிடுவானோ, கலை பிரிந்துபோய்விடுமோ என்று அஞ்சி மனைவி அசையாமல் இருக்கிறாள். அந்த நேரத்தில் மான் தோலில் காயவைத்த தினையைக் கானக்கோழியும் இதலும் வந்து தின்கின்றன. இதல் என்பது கவுதாரி இனம். அழைக்க வைத்த மான் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது, வேட்டைக்காரன்தான் தூங்கிப்போனான். அழைக்காத பறவைகளோ தினைக்காகத் தாமாகவே வந்து சேர்ந்தன. வேட்டைத் தொழில் தெரிந்த யாரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது போலிருக்கிறது.

புலிக்கும் குரல் கொடுத்திருக்கிறார்கள். ஜிம் கார்பெட் 1938 நவம்பரில் தாக் ஆட்கொல்லிப் புலியை ஆண் புலியின் குரலில் கூப்பிட்டுத்தான் வரவழைத்தார். கென்னத் ஆண்டர்சன் ஓசூருக்கு அருகே ஜவளகிரியில் செய்ததும் அதுவே. இரண்டும் பெண் புலிகள், இரண்டுமே இணை தேடிக்கொண்டிருந்தவை. அந்தச் சில நாட்கள் தவறியிருந்தால் இரண்டு கதையும் வேறு மாதிரி போயிருக்கும். வந்த புலிகள் அத்தியாயங்கள் ஆயின. வராத புலிகள் எத்தனை என்று எண்ணி வைத்தவர் யாருமில்லை. அழைப்பின் புகழில் பாதி இந்தக் கணக்குப் பிசகால் வந்தது. நரி ஊளையை அச்சு அசலாக எழுப்பி நரியை வலைக்கு வரவழைத்த நரிக்குறவர்களின் திறமையைப் பற்றிய கதைகளையும் இந்த எச்சரிக்கையோடுதான் கேட்க வேண்டும். திறமை உண்மை. ஆனால் எப்போது ஊளையிட வேண்டும் என்ற அறிவில்தான் அதன் கனமான பகுதி இருந்தது.

இனி ஏரிக்கு வருவோம். பழவேற்காட்டுக்குக் குளிர்காலத்தில் வந்து சேரும் ஊசிவால் வாத்து, கிளுவை, உள்ளான் வகைகள் இங்கே கூடு கட்டுவதில்லை. எனவே கூட்டுக்கான எல்லைச் சண்டை இங்கே பெரிதாக இருக்காது. அவற்றுக்கு வேண்டியது துணை: ஒரு கூட்டம் இறங்கி மேய்ந்தால் அந்த இடம் ஆபத்தில்லாதது என்று அடுத்த கூட்டம் இறங்கும். மேலை நாடுகளில் மர வாத்துகளை மிதக்கவிட்டும் உயிருள்ள வாத்துகளைக் கட்டிவைத்தும் இதைப் பயன்படுத்தினார்கள். உயிர் வாத்து வைப்பது அளவுக்கு மீறிப் பலித்ததால் அமெரிக்க அரசு 1935-இல் அதைத் தடைசெய்தது. நம் பக்கத்தில் நீர்ப்பறவை பிடித்தவர்கள் வலையையும் கண்ணியையும் இருட்டையும் நம்பினார்கள். மருந்து கலந்த நெல்லைத் தூவும் கொடுமையும் நீர்ப்பறவைகளுக்கு நடந்திருக்கிறது. குரலுக்கு அங்கே வேலை சொற்பம்.

காரணம் தண்ணீர். இந்த ஏரியில் பறவையை அழைப்பதும் விரட்டுவதும் நீர்மட்டம்தான். சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர். ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் மழைக்காலத்தில் நன்னீரைக் கொட்டுகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் நீர் ஏறி இறங்குகிறது. கோடையில் வாய் மணலால் அடைபட்டால் நீர் வற்றி உப்பு ஏறும். பூநாரை கால் நனைய நின்று, தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்று நீரை வடிகட்டித் தின்கிற பறவை. அரை அடி நீர் கூடினால் ஒரு மேய்ச்சல் வெளியே அதற்குக் கைவிட்டுப் போகும், அரை அடி குறைந்தால் வேறோர் இடம் திறக்கும். நேற்று ஆயிரக்கணக்கில் நின்ற இடத்தில் இன்று ஒன்றுகூட இல்லை என்றால் குப்பத்துக்காரர் அதிசயப்படுவதில்லை. ‘தண்ணி ஏறிடுச்சு, அண்ணாமலைச்சேரி பக்கம் போயிருக்கும்’ என்பார்கள். படகில் போய்ப் பார்க்க வந்த வெளியூர்க்காரர்தான் ஏமாந்து போவார்.

சூலூர்ப்பேட்டையில் ஆந்திர அரசு 2001 முதல் நடத்திவருகிற பூநாரைத் திருவிழாவுக்குத் தேதி குறிப்பது அதிகாரிகள். சில ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2025 ஜனவரியிலும் நடந்தது. மேடை, பாட்டு, படகுச் சவாரி எல்லாம் உண்டு. பறவை மட்டும் அழைப்பிதழ் பார்த்து வருவதில்லை. நல்ல மழை பெய்த ஆண்டில் ஜனவரியில் நீர் ஆழமாக நிற்கும், பூநாரைகள் தள்ளிப்போகும். அப்போது ‘ஏன் வரவில்லை’ என்று கேட்பதைவிட ‘எத்தனை அடி நீர் நிற்கிறது’ என்று கேட்பது பயனுள்ளது.

குப்பங்களில் இதே அறிவு மீனுக்கும் பயன்படுகிறது. ஏரி மீனவர்கள் பாடு முறை வைத்து, எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஊர் கூடி முறைபோட்டுக்கொள்கிறார்கள். முறை வருகிற இடத்தில் மீன் எந்த நீரோட்டத்தில் வரும் என்பதே அங்கே பேச்சு. இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் இருளர் பெண்கள் இறால் பிடிப்பதைப் பார்க்கலாம். வலை இல்லை, தூண்டில் இல்லை. இடுப்பளவு, சில இடத்தில் மார்பளவு நீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே மெல்ல நகர்கிறார்கள். ஓலையில் பின்னிய பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள், இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும் என்பதற்காக. விரலில் இறால் முட்டியதும் ஒரு பிடி, அப்படியே பறிக்குள். ஓசையே இல்லாத வேட்டை. சேறு எங்கே இளகியிருக்கிறது, எந்த நேரத்தில் இறால் புதைந்திருக்கும் என்பது தெரியாவிட்டால் நாள் முழுக்கத் தடவினாலும் கை வெறுங்கைதான்.

குரலுக்குப் பதில் வராதபோது எழுகிற கடினமான கேள்வி ஒன்று பாக்கியிருக்கிறது: பறவை இருந்தும் பேசவில்லையா, அல்லது இல்லவே இல்லையா? வேட்டைக்காரனுக்கு இரண்டும் ஒன்றே, வெறுங்கையோடு திரும்புவான். பறவையைக் காக்க நினைப்பவருக்கு இரண்டும் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம். இதற்கு நல்ல சான்று பழவேற்காட்டிலிருந்து வடமேற்கே, கடப்பை மாவட்டத்து முட்காடுகளில் இருக்கிறது.

ஜெர்டான்ஸ் கோர்சர் என்ற அந்த இரவாடிப் பறவையை 1848-இல் விவரித்தார்கள். 1900-இல் அனந்தபூர் பக்கம் கண்டதோடு சரி, பிறகு ஆளையே காணோம். அழிந்துவிட்டது என்று எழுதிவிட்டார்கள். உள்ளூர்க்காரர்களுக்கோ அது கலிவிக்கோடி, களாப் புதர்க் கோழி. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பரத் பூஷண் தேடிப் போனபோது, 1986 ஜனவரியில் ஐத்தன்னா என்ற உள்ளூர் வேட்டைக்காரர் இரவில் டார்ச் வெளிச்சத்தில் அதைக் கண்டு பிடித்து வந்தார். பறவை விரைவிலேயே செத்துப்போனது, இனம் மட்டும் மீண்டது. அதன் குரல் இன்னதென்று அப்போதும் அறிவியலுக்குத் தெரியாது. பின்னாளில் தமிழகத்தைச் சேர்ந்த ப. ஜெகநாதன் தன் ஆய்வில் அந்தக் குரலைப் பதிவுசெய்தார். சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் போல ஆனதும் கூவத் தொடங்கி, சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும் பறவை அது. அந்தச் சின்ன இடைவெளியைத் தவறவிட்டவர்தான் இத்தனை காலமும் காடு காலி என்று திரும்பியிருப்பார்.

பதிவுக் குரலை ஒலிக்கவிட்டுப் பதில் கேட்பதும் அந்த ஆய்வுக் குழுவின் முறைகளில் ஒன்றாயிற்று. அதை மட்டும் நம்பவில்லை என்பதே அந்த ஆய்வின் சிறப்பு. புதர்களுக்கு இடையே மண்ணைச் சலித்துப் பட்டையாகப் பரப்பி, விடிந்ததும் அதில் பதிந்த கால்தடத்தைப் படித்தார்கள், தானியங்கிக் கேமராக்களையும் வைத்தார்கள். பேசாத பறவை நடக்காமலா இருக்கும்? தடம் பார்க்கிற இந்த யோசனை வேட்டைக்காரனுடையதுதான். இந்தக் காட்டை ஒட்டித்தான் தெலுங்கு கங்கைக் கால்வாய் வந்தது. அதே திட்டத்தின் கிருஷ்ணா நீர் பழவேற்காடு இருக்கிற திருவள்ளூர் மாவட்டத்துப் பூண்டி ஏரிக்கு வந்து சென்னைக்குக் குடிநீராகிறது. கால்வாய் அந்தப் பறவையின் வாழிடத்தை வெட்டிச் செல்லவிருந்ததும், ஆய்வாளர்கள் முறையிட்டுப் பாதையை மாற்ற வைத்ததும் சென்னையில் குழாயைத் திறப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

அழைப்பு நல்ல காரியத்துக்கும் பயன்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் மெய்ன் கடற்கரைத் தீவுகளில் ஸ்டீபன் கிரெஸ் 1973-இல் தொடங்கிய திட்டத்தில், மரப் பொம்மைகளையும் ஒலிப்பதிவுகளையும் துணைகொண்டு, அங்கே வேட்டையில் அழிந்துபோன கடற்பறவைகளைத் திரும்பக் குடியேற்றினார். நியூசிலாந்தின் மனா தீவில் சிமெண்ட் பொம்மைகளையும் ஒலிபெருக்கிகளையும் வைத்து கேனட் என்ற கடற்பறவைகளைக் கூப்பிட்டபோது நெடுநாள் ஒரே ஒரு பறவைதான் வந்து தங்கியது. நைஜல் என்று பெயரிட்டார்கள். அது ஒரு சிமெண்ட் பொம்மைக்குக் கூடு கட்டி, அதன் கழுத்தைக் கோதிவிட்டுக்கொண்டே இருந்து 2018-இல் செத்தது. அது சாவதற்குச் சற்று முன்புதான், ஒலிபெருக்கிகளை இடம் மாற்றி வைத்த பிறகு, வேறு மூன்று பறவைகள் வந்தன. வராத பறவைகளை முட்டாள் என்றோ தந்திரக்காரன் என்றோ பேசுகிறவர்கள், வந்த பறவையின் கதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்போது வேட்டைக்காரன் இடத்தில் கேமராக்காரர் நிற்கிறார். கையில் கைபேசி, பையில் ப்ளூடூத் ஸ்பீக்கர். ஒரு படத்துக்காக ஒரு குரலைப் பத்து நிமிடம் விடாமல் ஓட்டுகிறவர்களைப் பறவை பார்க்கிற யாரும் பார்த்திருப்பார்கள். எல்லை காக்கிற பறவை இல்லாத எதிரியைத் தேடி மேய்ச்சலையும் கூட்டையும் விட்டு அலையும். சில நாள் கழித்து அது பதில் சொல்வதை நிறுத்திவிடும். அடுத்து வருகிறவர் ‘இங்கே இப்போது அந்தப் பறவை இல்லை’ என்று பதிவிட்டுவிட்டுப் போவார். கண்ணி வைத்தவனாவது பறவை ஏன் வரவில்லை என்று யோசித்தான், அவனுக்கு அன்றைய சோறு அதில் இருந்தது.

அந்த யோசனை இன்று யாரிடம் இருக்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1972 சட்டம் வந்தபின் பாம்பு பிடித்த இருளர்களுக்கு 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. வடநெம்மேலியில் விஷமெடுக்கும் வேலையாக அவர்கள் அறிவு மாறியது. 2023-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பறவை பிடித்தவர்களுக்கு அப்படி ஒரு ஏற்பாடு அமையவில்லை. கோடிக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளுக்கு வளையமிடும் பணியை நடத்தியபோது பீகாரின் மீர்ஷிகார் சமூகத்துப் பறவை பிடிப்பவர்களின் கைத்திறன் பயன்பட்டது. அது விதிவிலக்கு. நரிக்குறவர்கள் 2023 ஜனவரியில்தான் தமிழகப் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தார்கள். அதற்குள் கவுதாரிக் கூண்டை அறிந்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது, பேரப்பிள்ளைகள் ஊசிமணி பாசிமணியோடு நின்றுவிட்டார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்தில் பழவேற்காட்டில் வனத்துறை நடத்தும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்களும் கல்லூரி மாணவர்களும் தொலைநோக்கியோடு வருகிறார்கள். எண்ணத் தெரிந்தவர்கள்தான். ஒரு படகுக்கு ஒரு குப்பத்துக்காரரையோ இருளரையோ கூலிக்கு அல்லாமல் கணக்கெடுப்பாளராகவே ஏற்றிக்கொண்டால், ‘இங்கே இல்லை’ என்று எழுதப்படும் பல இடங்களில் எந்தப் பக்கம் படகைத் திருப்ப வேண்டும் என்று அவர் சொல்வார். அதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. படிவத்தில் பெயர் எழுத ஒரு வரி கூடுதலாக இருந்தால் போதும்.